வீட்டுக்கு வந்த லினக்ஸ்

கணினியை வாங்கும்போதே அதனுள் ஓர் இயங்குதளம் அமர்ந்திருக்கிறது. அதனை மாற்றிக்கொள்ள இயலும் என்பதைப் பலர் அறிவதில்லை. வன்பொருளுக்கும் நாம் இடும் கட்டளைக்கும் இடையே நின்று பணிகளை நடத்துவதே இயங்குதளம். அதன் உட்கருவாகிய லினக்ஸை, 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். யாரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுடையது அது.

ஆயினும், வல்லுநருக்கு உவப்பாக இருந்த லினக்ஸ் இல்லத்தாருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தோற்றத்தில் இருந்தது. இக்குறையைக் களைய, 1996இல் ஜெர்மனி நாட்டு மாணவர் மத்தியாஸ் எட்ரிக் ‘கேடிஈ’ என்னும் ஒருசீரான மேசைத்திரையை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ‘க்னோம்’ தோன்றியது.

திரை அழகானது, அச்சம் அகலவில்லை. புதிய இயங்குதளத்தை நிறுவ வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு பிழை நேர்ந்தாலும், சேர்த்துவைத்த குடும்பப் படங்களும் கணக்குகளும் அழிந்துபோகலாம். அவ்வாறு அஞ்சியதை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. இதற்கு அழகிய தீர்வொன்றை, 2000ஆம் ஆண்டில் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட ‘நாப்பிக்ஸ்’ பரவலாக்கியது. குறுவட்டை உள்ளிட்டுக் கணினியை இயக்கினால், அக்குறுவட்டிலிருந்தே முழு இயங்குதளமும் செயற்படும். ஒலி, திரை முதலிய கருவிகளைத் தானே கண்டறியும். குறுவட்டை எடுத்துவிட்டு மீண்டும் இயக்கினால் பழைய கணினி பழுதின்றி நிற்கும். துணிக்கடையில் அணிந்து பார்த்து வாங்குவதைப் போன்றது இது.

2004இல் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய ‘உபுண்டு’, கேட்டவர் இல்லத்துக்கே குறுவட்டுகளை இலவசமாக அனுப்பியது. 2006ஆம் ஆண்டுப் பதிப்பில், இயக்கிப் பார்த்த குறுவட்டிலிருந்தே சில சொடுக்குகளில் அதனை நிறுவவும் முடிந்தது. இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க ‘பாஸ்’ இயங்குதளத்தை நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழும் அம்மொழிகளுள் ஒன்று.

இன்று குறுவட்டின் இடத்தைப் பென்டிரைவ் பெற்றுள்ளது. ஆனால், அதிலிருந்து கணினியை இயக்க, தொடக்கத் திரை மறையும் முன் ஒரு விசையை அழுத்த வேண்டும். ஒரு நிறுவனக் கணினியில் அது எஃப்2; மற்றொன்றில் எஃப்12. எந்த விசை என்பதை அத்திரையே பல கணினிகளில் காட்டுவதில்லை. லினக்ஸை எளிமையாக்கியோரின் கை எட்டாத இடம் அது.