ஊட்டக் கணக்கில் சில அடிப்படைச் சொற்கள்

உணவு பற்றிய அரசுத் திட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சிலவே. ஆயினும் அவற்றின் பொருள் பிறழ்ந்தால் திட்டத்தின் கணக்கும் பிறழ்ந்துவிடும். பெங்களூருவைச் சூழ்ந்த சிற்றூர்களின் அன்றாட உணவான ராகிக் களியைக் கொண்டே இவற்றை விளக்கலாம்.

முதலாவது கலோரி. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே உணவியலில் ஒரு கிலோகலோரி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் ‘கிலோ’ உதிர்ந்துவிட்டது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. திட்டக் குழு அமைத்த வல்லுநர் குழு 1979இல், தலைக்கு நாளொன்றுக்கு ஊர்ப்புறத்தில் 2,400, நகர்ப்புறத்தில் 2,100 கலோரி என்னும் அளவைக் கொண்டு வறுமைக் கோட்டை வகுத்தது. வயிறு நிறைகிறதா என்ற வினாவுக்கு இவ்வளவு விடையளிக்கும். குழந்தை வளர்கிறதா என்ற வினாவுக்கு விடையளிக்காது.

அதற்குப் புரதத்தின் அளவோடு தரமும் தெரிய வேண்டும். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் சிலவற்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது; லைசின் அத்தகையது. 100 கிராம் ராகியில் சுமார் 7 கிராம் புரதம் இருப்பினும், அதில் லைசின் குறைவு. வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு 12 மில்லிகிராம் லைசின் போதும் என்று உலக அமைப்புகள் 1985இல் கூறின. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அனுரா குர்பாட் குழுவினர், கார்பன்-13 சேர்த்த லியூசினைப் பயன்படுத்தி, அது உடலில் எரிவதை மூச்சுக் காற்றின் வழியே 24 மணி நேரம் அளந்து, தேவை மிக அதிகம் எனக் காட்டினர். 2007இல் வெளியான உலக சுகாதார நிறுவன அறிக்கையில் அந்த அளவு 30 மில்லிகிராம் ஆயிற்று. தானியத்தை மட்டும் உண்ணும் ஏழையின் தட்டில் இருந்த குறை இவ்வாறு கணக்குக்கு வந்தது. களியோடு அவரை, கொள்ளுச் சாறு சேர்ப்பது இக்குறையை ஈடுசெய்கிறது. பருப்பு வகைகளில் லைசின் மிகுதி.

அடுத்தது, உடலுக்குக் கிட்டும் அளவு. 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. ஆயினும் ராகியிலுள்ள ஃபைட்டேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ராகியை முளைகட்டினால் ஃபைட்டேட் குறையும்.

மிகுந்த குழப்பம் தருபவை ‘சராசரித் தேவை’யும் ‘பரிந்துரை அளவு’மே. சராசரித் தேவை என்பது நலமுள்ளோரில் பாதிப் பேருக்குப் போதுமான அளவு. பரிந்துரை அளவு என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேருக்குப் போதுமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வளர்ந்த பெண்களுக்கு இரும்புச் சத்தில் முன்னதை 15 மில்லிகிராம் எனவும் பின்னதை 29 மில்லிகிராம் எனவும் வகுத்தது. ஒரு வட்டாரத்தின் குறையை மதிப்பிட 29ஐ அளவுகோலாகக் கொண்டால், தேவை நிறைவுற்ற பெண்கள் பலரும் குறையுள்ளோர் பட்டியலில் ஏறிவிடுவர். இரும்புச் சத்து சேர்த்த அரிசியை அனைவருக்கும் வழங்குவது பற்றிய வாதங்களைப் படிப்போர், எழுதியவர் இவ்விரு எண்களில் எதைக் கையாண்டார் என்பதை முதலில் பார்ப்பது நலம்.