மாத்திரைக் கணக்கு – 11: ஹெசரு மாத்ர பேரே

தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் போன வாரம் எங்கே நிறுத்தினேன் என்று தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரே வரி: ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவைத் தாங்க இன்ஷூரன்ஸ் இருக்கிறது, படுக்காமல் மாதாமாதம் மாத்திரை விழுங்குகிறவருக்குச் சட்டைப் பைதான் இன்ஷூரன்ஸ். போதும்.

இந்த வாரம் கர்நாடக அரசு ஊழியர்களின் ஆரோக்ய சஞ்சீவினி திட்டத்தைப் பிரித்து மேய்வதாகச் சொல்லியிருந்தேன். காகிதமெல்லாம் மேசைமேல்தான் கிடக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை மைசூர் தன்வந்திரி ரோட்டுப் பக்கம் போனதில் ஒரு வாக்கியம் காதில் விழுந்தது. அதற்கப்புறம் வேறெதுவும் எழுத ஓடவில்லை. (மருந்துக் கடவுளின் பெயரைத் தெருவுக்கு வைத்த ஊரில் இப்படி ஏதாவது நடக்கத்தானே செய்யும்.)

என்னோடு வந்தவர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். சேலத்துக்காரர், மைசூருக்கு வந்து இருபது வருஷம். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று மூன்றும் உண்டு. முன்பு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய். அதைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதச் சந்தாக் காலம் முடிந்ததும் ஆள் வெளியே. “இன்கிரிமென்ட் வந்துச்சுன்னு லைன்ல எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தேன் சார். கணக்குப் போட்டா, வந்த பணத்துல பாதி மெடிக்கலுக்குப் போகுது” என்றார். கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி அட்டை பர்சில் பத்திரமாக இருக்கிறது. அது படுக்கைக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

அவர் கையில் ஒரு ரெண்டு ரூல் நோட்டு. இந்தத் தொடரில் நான் இதுவரை காட்டிய திட்டங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். ஷாப் ஃப்ளோரில் ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை, வார விடுப்பு யாருக்கோ அவர் ஆறு பேரின் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஜன் ஔஷதி கடைக்குப் போவார். நோட்டில் கட்டம் போட்டிருக்கிறார்கள்: பேர், மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை அட்டை, கொடுத்த காசு, பாக்கி. சர்க்குலர் கிடையாது, எச்.ஆர். கிடையாது. சேர்கிறவர் சேரலாம், விலகுகிறவர் விலகலாம். தன் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்கிறார். பக்கங்களைப் புரட்டினேன், பொய்யில்லை.

ஜன் ஔஷதியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். 2008 நவம்பரில் அமிர்தசரஸில் முதல் கடை திறந்தது. வருஷக்கணக்கில் தூங்கி வழிந்தது. பிறகு வேகம் பிடித்து 2023 நவம்பரில் தேவ்கரில் பத்தாயிரமாவது கடை வந்தது. விலை வைக்கும் விதி எளிது: அதே மருந்தில் முன்னணியில் உள்ள மூன்று பிராண்டுகளின் சராசரி விலையை எடுத்து, அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. பல மருந்துகள் பாதிக்கும் வெகு கீழே இருக்கின்றன.

சரி, வாக்கியத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஏழாவதாக ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவர் சீட்டில் டாக்டர் பிராண்ட் பெயரை மட்டும் கிறுக்கியிருந்தார். கவுன்டரில் இருந்த பெண் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். “கம்போசிஷன் ஒந்தே சார், ஹெசரு மாத்ர பேரே” என்றார். ஹெசரு என்றால் பெயர். நம்ம ‘வேறே’தான் கன்னடத்தில் ‘பேரே’. தமிழ்க் காதுக்கு அது ‘பெயரே’ என்று கேட்டது. இரண்டு மொழியிலும் சரியாக இருக்கிற வாக்கியம்! சரக்கு ஒன்றுதான், வித்தியாசம் பேரிலே. ஆனால் அடுத்த நொடி அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “டாக்டரு பரெதில்லா.” டாக்டர் எழுதவில்லையே.

அந்தப் பெண் பிகு செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளைப் புரட்டினால், 65-ஆம் விதியில் 11-ஏ என்று ஓர் உட்பிரிவு. அட்டவணை ஹெச், எக்ஸ் மருந்துகளுக்கு, அதாவது சீட்டுக் காட்டி வாங்க வேண்டிய மருந்துகளுக்கு அது சொல்வது: எழுதியதற்குப் பதிலாக இன்னொரு தயாரிப்பைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. இதுவரை நியாயம். கண்ட மருந்தைத் தலையில் கட்டிவிடாமல் இருக்க வேலி வேண்டும். ஆனால் அதே மூச்சில் ஒன்றைச் சேர்க்கிறது: உள்ளே இருக்கும் சரக்கு அதேயானாலும் சரி, வேறானாலும் சரி! அந்த நாலைந்து சொற்களை வியாழக்கிழமை வரை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். சரக்கு வேறானால் தடுப்பது காவல். சரக்கு அதேயானாலும் தடுப்பதற்கு என்ன பெயர்? ஒரே மத்திய அரசு கடையைத் திறந்து ‘வாங்க வாங்க’ என்கிறது. அதன் விதிப் புத்தகம் கதவருகே நின்று ‘உங்களை யார் அனுப்பினது?’ என்று கேட்கிறது. மாமனார் பந்தி போட்டு, மாமியார் இலையை மடித்து வைத்த கல்யாணம்.

நடைமுறையில் நிறையக் கடைகள் மாற்றித் தருகின்றன, நாமும் வாங்குகிறோம். அந்தப் பெண் விதி தெரிந்தவர், அவ்வளவுதான்.

ஆகச் சாவி டாக்டரின் பேனாவில் இருக்கிறது. 2016-இல் மருத்துவக் கவுன்சில், ஜெனரிக் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதையே கறாராகச் சொன்னது. அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. தரத்துக்கு யார் உத்தரவாதம் என்று டாக்டர்கள் கேட்டார்கள். அது ஒதுக்கித் தள்ளும் கேள்வியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உற்பத்தி நெறிச் சான்று பெற்றவர்களிடம்தான் கொள்முதல், ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆய்வகச் சோதனை என்பது ஜன் ஔஷதியின் பதில். சென்னை வாசகர்கள் சிரிக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் அங்கே ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தன அல்லவா, 11-ஏ அங்கேயும் அதே 11-ஏதான்.

இதற்கிடையில் நஞ்சன்கூடு போய் வந்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மைசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அங்கே தொழிற்பேட்டையில் மாத்திரைகளுக்கான மூலச் சரக்கையே காய்ச்சி உலகத்துக்கு அனுப்பும் ஆலை இருக்கிறது. இந்தப் பக்கம், 1913-இல் பி.வி. பண்டிட் தொடங்கிய சத்வைத்யசாலையின் ரோஸ் கலர் பல்பொடி. நடுவில் நஞ்சுண்டேஸ்வரர். திப்பு சுல்தானின் பட்டத்து யானைக்குக் கண் போனதாம். இங்கே வேண்டிக்கொண்டதும் பார்வை வந்ததாம். நன்றிக்கு மரகத லிங்கம் கொடுத்து, சுவாமியை ‘ஹக்கீம் நஞ்சுண்டா’ என்றாராம். ஹக்கீம் என்றால் வைத்தியர். நஞ்சை விழுங்கியவருக்கு டாக்டர் பட்டம்! கோயில் வாசலில் என் ஃபிட்டர் நண்பர் கேட்டார்: “சிவனுக்கே ஹெசரு பேரே, கம்போசிஷன் ஒந்தே. அங்க யாரும் 11-ஏ கேக்கல பாத்தீங்களா சார்?”

ஏழாவது ஆள் மறுபடி டாக்டரிடம் போயிருக்கிறார், பிராண்டுக்குக் கீழே கம்போசிஷனையும் எழுதி வாங்க. “கூட்டமா இருந்துச்சு, கேக்கக் கூச்சமா இருந்துச்சு, வந்துட்டேன்” என்று சொல்லி, அந்த மாதத்துக்குப் பழைய கடையிலேயே முழு விலை கொடுத்துவிட்டார். நோட்டில் அவர் பேருக்கு நேரே கட்டங்கள் காலி. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

ஆரோக்ய சஞ்சீவினி அடுத்த வாரம் நிச்சயம். சம்பளத்தில் மாதம் 250 முதல் 1,000 ரூபாய் வரை பிடித்தம், வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகலாம் என்ற ஏற்பாடு. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த 1891-இலேயே அரசு ஊழியருக்கு ஆயுள் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய சமஸ்தானம் இது. அங்கிருந்து ‘விருப்பமிருந்தால் சேருங்கள்’ வரை வந்த பாதையில் மாத்திரைச் செலவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஏழாவது ஆளின் கட்டம் நிரம்பியதா என்பதையும் சொல்கிறேன்.

(தொடரும்)