மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியும் மொழியும்

மொழிக்கொள்கை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் புள்ளிவிவரங்களையே சான்றாகக் கொள்கின்றன. அப்புள்ளிவிவரங்கள் மக்கள் கூறிய விடைகளின் நேர்ப்படிகள் அல்ல. அவை வகைப்பாட்டின் விளைவுகள். அவ்வகைப்பாடு நிகழும் முறையையும் அது ஆய்வுக்கு ஏற்படுத்தும் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. வகைப்பாட்டின் படிநிலைகள்

ஒருவரின் குழந்தைப் பருவத்தில் தாய் அவருடன் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் வரையறை. 2011ஆம் ஆண்டில் மக்கள் தெரிவித்த தாய்மொழிப் பெயர்கள் 19,569. எழுத்து வேறுபாடு, ஊர்ப்பெயர், சாதிப்பெயர் முதலியன ஆராயப்பட்டபின் அவை 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குசெய்யப்பட்டன. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவையாக ஒதுக்கப்பட்டன. பத்தாயிரமும் அதற்கு மேலும் பேசுநரைக் கொண்ட 270 தாய்மொழிகள் 121 மொழிகளின்கீழ்த் தொகுக்கப்பட்டன. இவற்றுள் 22 மொழிகள் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றவை.

2. தொகுத்தலின் விளைவு

2011இல் இந்தி பேசுவோராகக் காட்டப்பட்டவர் ஏறத்தாழ 52.83 கோடி. இவர்களுள் இந்தியையே தாய்மொழியாகக் குறித்தோர் 32.22 கோடியினர். போஜ்புரி பேசும் 5 கோடிக்கு மேற்பட்டோரும், இராஜஸ்தானி, சத்தீஸ்கரி முதலியவற்றைப் பேசுவோரும் எஞ்சிய தொகையில் அடங்குவர். மைதிலியும் முன்னர் இந்தியின்கீழ் வைக்கப்பட்டதே. 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதனை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. அதன்பின் வெளியான 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் மைதிலி ஏறத்தாழ 1.22 கோடிப் பேசுநருடன் தனி மொழியாயிற்று. மாறியது மக்களின் பேச்சன்று, சட்டத்தின் நிலையே.

3. பத்தாயிரம் என்னும் வரம்பு

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. 1971 முதல், பத்தாயிரத்திற்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகள் தனித்துக் காட்டப்படாமல் 'பிற' என்னும் தலைப்பினுள் அடக்கப்பட்டன. நீலகிரியின் தோடா, கோத்தா மொழிகள் திராவிட ஒப்பிலக்கணத்திற்கு இன்றியமையாதவை. எமனோ அவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். எனினும் பேசுநர் தொகை சிறிதாதலால் 121 மொழிகளின் பட்டியலில் அவை இல்லை. தோடர் தொகையைப் பழங்குடியினர் பட்டியலில் காணலாம். ஆனால் குடியின் தொகை வேறு. மொழியைப் பேசுவோர் தொகை வேறு. இவ்விரண்டையும் ஒப்பிட்டாலன்றி மொழி இழப்பின் வேகத்தை அளவிட இயலாது.

4. கொள்கைக்கான பயன்

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் வசதி வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. அது கூறுவது தாய்மொழியையே. தொகுக்கப்பட்ட மொழியை அன்று. பேசுநர் எவ்வூரில், எத்தனை பேர் என்பது தெரியாவிடின் ஆசிரியர் நியமனத்தையும் பாடநூல் ஆக்கத்தையும் திட்டமிட இயலாது. ஆகவே தனிமனிதரின் அடையாளம் வெளிப்படாத வகையில் சிறுதொகைத் தாய்மொழிகளின் விவரங்களை மாவட்ட அளவில் வெளியிடுதல் வேண்டும். ஆய்வாளரும் மொழித் தொகையோடு நின்றுவிடாது தாய்மொழித் தொகையையும் உடன்காட்டுதல் வேண்டும். பட்டியலில் இடம்பெறாத மொழி, திட்டத்திலும் இடம்பெறுவது அரிது.