காற்றடைத்த படகின் வடிகால் துளைகள்

காற்றடைத்த சிறுபடகின் தரையிலோ பின்பலகையிலோ, உள்ளே சேரும் நீர் வெளியேறுவதற்காக விடப்படும் துளை வடிகால் துளை எனப்படும். ரப்பர் படகு என்று பொதுவாக அழைக்கப்படும் இவ்வகைப் படகைப் புதிதாக வாங்குவோருக்கு இத்துளை குழப்பம் தருவதுண்டு. மிதக்க வேண்டிய பொருளில் தயாரித்தவர்களே ஏன் ஓட்டை போட்டிருக்கிறார்கள்? சில படகுகளில் இதை அடைக்காமல் தண்ணீரில் இறங்கினால் சிறிது நேரத்தில் கணுக்கால் நனைந்துவிடும். வேறு சில படகுகளில் இதை அடைத்துவிட்டு வேகமான ஆற்றில் இறங்குவதுதான் ஆபத்து. ஆகவே துளையை அடைப்பதற்கு முன் அது எவ்வகைத் துளை என்று அறிவது அவசியம்.

ஓட்டை இருந்தும் மூழ்காதது ஏன்?

சாதாரண மரப்படகு தண்ணீரை வெளியே நிறுத்தி வைப்பதால் மிதக்கிறது. அடியில் ஓட்டை விழுந்தால் அது நிரம்பி அமிழும். காற்றடைத்த படகு மிதப்பதற்குக் காரணம் அதன் பக்கக் குழல்களில் அடைபட்டுள்ள காற்று. வடிகால் துளை அந்தக் காற்றறைகளைத் தொடுவதில்லை. ஆட்கள் அமரும் இடத்தை வெளித் தண்ணீரோடு இணைப்பது மட்டுமே அதன் வேலை. துளை திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே வரும், ஆனால் வெளி நீர்மட்டத்தைத் தாண்டி உயராது.

தமிழகக் கடற்கரையின் கட்டுமரம் இதே முறையில்தான் மிதக்கிறது. சேர்த்துக் கட்டிய மரங்களின் இடைவெளி வழியே அலைநீர் மேலே வந்து, அதே வழியாக இறங்கிவிடும். மிதப்புச் சக்தி மரத்திலேயே இருப்பதால் கட்டுமரத்தில் தண்ணீர் இறைக்கும் வேலையே இல்லை.

மூழ்காது என்பதால் தொல்லை இல்லை என்று பொருளல்ல. உள்ளே தண்ணீர் புகுந்த படகு தாழ்ந்து மிதக்கும், திருப்பினால் உடனே திரும்பாது. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளிருக்கும் தண்ணீரும் அந்தப் பக்கத்துக்கே ஓடிச் சாய்வை அதிகமாக்கும்.

தரையின் உயரம்

துளையை அடைப்பதா திறப்பதா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு படகின் தரை வெளி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

சிறிய துடுப்புப் படகுகளிலும் இயந்திரம் பொருத்தும் படகுகளிலும் தரை பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். இவற்றில் துளை பின்பலகையின் அடிப்பகுதியில் அமைந்திருக்கும். நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் அது மூடியே இருக்க வேண்டும். படகு வேகமெடுத்து நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிச் செல்லும்போது நிலைமை மாறும். அப்போது பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் விலகிவிடுவதால், உள்ளே தேங்கியது பின்புறம் ஓடி வந்து துளை வழியே வெளியேறும். வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே மூடிவிட வேண்டும். படகு நின்றதும் அது எழுப்பிய அலையே பின்னாலிருந்து வந்து மோதும்.

இரண்டாம் வகை, தானே நீர் வடிக்கும் படகு. ரிஷிகேஷில் கங்கையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ராஃப்ட்கள் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் தரையே காற்றடைத்த தடித்த மெத்தை. ஆகவே அதன் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். தரையின் ஓரத்தில் கயிறு கோக்கும் துளைகளும் இடைவெளிகளும் இருக்கும். அலை அடித்து உள்ளே கொட்டும் தண்ணீர் அவற்றின் வழியே தானாக இறங்கிவிடும். 1980களில் இந்த அமைப்பு பரவுவதற்கு முன், ஒவ்வொரு பெரிய அலைக்குப் பின்னும் வாளியால் இறைக்க வேண்டியிருந்தது. இந்தத் துளைகளை அடைத்தால் படகு மீண்டும் அந்தப் பழைய நிலைக்குப் போய்விடும். ஒரு பெரிய அலை சில நூறு லிட்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டால், அடுத்த பாறை வருவதற்குள் படகைத் திருப்ப முடியாமல் போகலாம்.

காற்றடைத்த கயாக்குகள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவை. பல மாதிரிகளில் துளைகளும் அவற்றுக்கான மூடிகளும் சேர்த்தே தரப்படுகின்றன. மெலிந்த ஒருவர் அமர்ந்தால் உலர்ந்திருக்கும் தரை, பருமனான ஒருவர் அமர்ந்ததும் இருக்கைக்குக் கீழே அமுங்கி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். அவர் குட்டையில் உட்கார்ந்ததுபோல் பயணம் செய்ய நேரும். இது படகின் பழுதல்ல. ஏரி போன்ற அசையாத நீரில் மூடிகளை இடலாம். அவ்வாறு மூடும்போது உட்புற இடமும் மிதப்புக்கு உதவுவதால் படகு சற்று உயர்ந்தும் நிற்கும். வெள்ளோட்டம் மிகுந்த ஆற்றிலும் அலையடிக்கும் கடற்கரையிலும் மூடிகளைக் கழற்றிவிட வேண்டும். ஈரம் சகிக்கத்தக்கதே.

சந்தேகம் இருந்தால் முழங்கால் ஆழத் தண்ணீரில் படகை மிதக்கவிட்டு, வழக்கமான சுமையை ஏற்றி, மூடிகளைத் திறந்து பார்ப்பதே எளிய சோதனை.

எவ்வளவு தண்ணீர் வரும்?

துளை வழியே நீர் பாயும் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்ட விதி. நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே உள்ள துளையில் தண்ணீர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் வேகத்தில் நுழையும். துளையின் விட்டம் 25 மி.மீ. எனில், நீர்த்தாரை சற்றுச் சுருங்குவதையும் கணக்கில் கொண்டால், தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர் வரும். உள்மட்டம் உயர உயர வரத்து குறையும். ஆயினும் ஆழ வேறுபாடு நான்கில் ஒரு பங்கானாலும் வேகம் பாதியாகவே குறைகிறது. மூடியை மறந்து கரையிலிருந்து கிளம்பியவர், இறைத்துச் சமாளிப்பதைவிட முதலில் துளையைக் கையால் பொத்துவதே மேல்.

அடைப்பான்கள்

மரையுள்ள பிளாஸ்டிக் மூடி, நெம்புகோலை மடக்கினால் உப்பி இறுகும் ரப்பர் அடைப்பான், வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும் மெல்லிய ரப்பர் மடல் ஆகியவை பரவலாகக் காணப்படுபவை. மரை மூடியில் கசிவைத் தடுப்பது மரையல்ல, அதன் அடியிலுள்ள ரப்பர் வளையம். அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் தண்ணீர் வரும். கசிகிறதே என்று மேலும் முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். கழுவிவிட்டுக் கையால் இறுக்குவதே போதும். ரப்பர் மடல் வெயிலில் விறைத்து வளைந்துவிடும். ஆகவே உள்பக்க அடைப்பான் இன்றி அதை மட்டும் நம்ப முடியாது. அடைப்பானைச் சிறு கயிற்றால் படகோடு கட்டி வைப்பதும், உபரியாக ஒன்று வைத்திருப்பதும் வழக்கம். அவசரத்துக்கு, கூம்பாகச் சீவிய மென்மரத் துண்டைத் துணி சுற்றி உள்ளிருந்து செருகலாம். மரம் நனைந்து ஊதும்போது இன்னும் இறுகும்.

துளையை நிரந்தரமாக ஒட்டி மூட விரும்புவோர் முதலில் படகின் துணி எதுவென்று அறிய வேண்டும். பிவிசி துணிக்கு பாலியூரித்தேன் பசையும், ஹைப்பலான் துணிக்கு நியோப்ரீன் அடிப்படையிலான பசையும் ஏற்றவை. கடையில் எளிதில் கிடைக்கும் சிலிக்கோன் பசையைத் தவிர்க்க வேண்டும். அது சரியாகப் பிடிக்காததோடு, பின்னர் நல்ல பசையும் ஒட்டாதபடி படலத்தை விட்டுச் செல்லும்.

அடைக்கக் கூடாத துளை

வடிகால் மூடி என்று நினைத்து காற்று வால்வைத் திறந்துவிடும் தவறும் நிகழக்கூடியது. நீரின் நடுவே அப்படிச் செய்தால் தரையோ ஓர் அறையோ தளர்ந்துவிடும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது. காற்றுத் தரையுள்ள பல படகுகளில், வெயிலில் காற்று விரிந்து அழுத்தம் மிகும்போது தானே காற்றை வெளியேற்றும் ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து உஸ்ஸென்று ஒலி வருவதைக் கேட்டு, கசிவு என்று கருதி ஒட்டுநாடாவால் மூடினால் தரையின் தையல் பிய்ந்துவிடலாம். கரையில் படகை வெயிலில் விடுவதற்கு முன் இந்த வால்வு மூடப்படாமல் இருக்கிறதா என்றும், வடிகால் மூடி திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னதை விட்டுவிட்டால், 2 சதுர மீட்டர் தரையுள்ள படகில் 5 செ.மீ. மழைநீர் தேங்கினாலே 100 கிலோ ஏறிவிடும்.