ஸ்பானருக்கு மனசு உண்டா?

ஆயுத பூஜை சமயத்தில் ஓசூர் சிப்காட் பக்கம் போயிருக்கிறீர்களா? பட்டறைகளில் லேத் மிஷின் முதல் ஸ்பானர் வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்திருப்பார்கள். லாரியின் முன்னால் வாழைக்கன்று கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படுவார்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளி போனாலும் இதே காட்சிதான். பேச்சு மட்டும் கன்னடமாகிவிடும்.

சரி, பொட்டு வைத்தது அந்த ஸ்பானருக்குத் தெரியுமா?

சிரிக்காதீர்கள்! 2021ல் சுவீடன் நாட்டில் 'இட் டேக்ஸ் டூ' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தார்கள். அதில் பழைய வாக்குவம் கிளீனர் பேசும். கருவிப் பெட்டி சண்டைக்கு வரும். பழுது பார்க்காமல் கொட்டகையில் போட்டுவிட்டார்கள் என்று வாக்குவம் கிளீனருக்கு அத்தனை கோபம்! சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான இந்த விளையாட்டைத் தனியாக ஆடவே முடியாது. ஒருவரிடம் ஆணி, இன்னொருவரிடம் சுத்தியல். முதலாமவர் சுவரில் ஆணியை எறிந்தால்தான், மற்றவர் அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடித் தாண்டலாம்.

பேசும் கருவிகள் கற்பனைதான். ஆனால், 'எல்லாப் பொருளிலும் துளியாவது உணர்வு உண்டு' என்று நிஜமாகவே வாதிடும் தத்துவ அறிஞர்கள் இருக்கிறார்கள். அந்தக் கொள்கைக்கு 'பான்சைக்கிசம்' என்று பெயர். இங்கிலாந்தின் பிலிப் காஃப் இதைப் பற்றி 2019ல் ஒரு புத்தகமே எழுதினார். ஸ்பானர் உட்கார்ந்து யோசிக்கிறது என்று இவர்கள் சொல்லவில்லை. நம் மூளையும் அணுக்களால் ஆனது, இரும்பும் அணுக்களால் ஆனது. அணுவில் ஒன்றுமே இல்லையென்றால் நமக்கு மட்டும் உணர்வு எங்கிருந்து வந்தது என்பதே இவர்கள் கேள்வி.

நம் தொல்காப்பியமும் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்துகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அதாவது தொடு உணர்வு. எறும்புக்கு மூன்று, மனிதருக்கு ஆறு. கல்லுக்கும் இரும்புக்கும் அந்த வரிசையில் இடமில்லை. எனக்கும் புல்லோடு நிறுத்திக்கொள்வதுதான் சரியென்று படுகிறது. காரணம் சொல்கிறேன்.

ஓசூரில் தயாராகும் டைட்டன் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தால், எந்தப் பல்சக்கரமும் தனியாக மணி காட்டாது. எல்லாம் சேர்ந்தால் காட்டும். எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று விளக்கிவிடலாம். அணுக்களின் குட்டிக் குட்டி உணர்வுகள் சேர்ந்து 'நான்' என்கிற ஒரே மனசாக எப்படி ஆகும்? இதற்கு அவர்களிடம் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்னும் இல்லை.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே இந்தச் சிக்கலைக் காட்டிவிட்டார். அவர் சொன்னதை நீங்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம். 12 சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். 12 பேரை நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு சொல்லைக் காதில் மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு நெருக்கமாக நின்றாலும் சரி, தன் சொல்லை எவ்வளவு ஆழமாக நினைத்தாலும் சரி, முழு வாக்கியம் யார் மனதிலும் இருக்காது!

அடுத்து, அவர்களைப் பேச விடுங்கள். ஓசூர் பள்ளி என்றால் சில சொற்களைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கலந்து கொடுங்கள். யாருடைய சொல் முதலில், யாருடையது கடைசியில் என்று ஒரே ரகளையாக இருக்கும். வாக்கியம் முதலில் யாருக்குப் பிடிபடுகிறது என்று பாருங்கள்!