மனநோய் குலவழி வருமா?

தில்லியிலோ பம்பாயிலோ வாழும் நம்மவர் வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்ததும், "பெண்ணின் சித்தப்பாவுக்குப் புத்தி பேதலித்ததாமே, மெய்தானா?" என்றொரு விசாரணை வந்து சேரும். பேச்சும் அத்துடன் நின்றுவிடும்.

மனச்சிதைவு நோய் பிறப்பால் வருவதா, வளர்ப்பால் வருவதா என்பதை அமெரிக்க மருத்துவர் லெனர்ட் ஹெஸ்டன் ஆராய்ந்து 1966இல் வெளியிட்டார். ஆரெகன் மாநிலத்தில் இந்நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, சில நாட்களிலேயே அவர்களைப் பிரிந்து வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிக் கண்டார். நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து அவ்வாறே வளர்ந்த 50 பேருடன் அவர்களை ஒப்பிட்டார். பின்னவருள் ஒருவருக்கும் இந்நோய் இல்லை; முன்னவருள் ஐவருக்கு இருந்தது. ஆகவே, பிறப்புக்குப் பங்கு உண்டு. தாயின் வளர்ப்பைப் பழிப்பது தகாது. ஆயினும் எஞ்சிய 42 பேரை நாம் மறக்கலாகாது. அவர்களுள் சிலருக்கு வேறு தொல்லைகள் இருந்தன. இந்நோய் மட்டும் வரவில்லை.

2022இல் வெளியான பேராய்வு ஒன்று 76,755 நோயாளிகளின் மரபணுக்களைச் சோதித்து, நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் வலிமையும் அற்பமே. அத்தகைய மாறுபாடுகளுட் பல, நோயற்ற நம்மிடமும் உள்ளன. விசாரிக்க வந்தவரிடமும் உள்ளன! உருவொத்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தும் மற்றவருக்கு வாராதிருப்பது சாதாரணம்.

சித்தப்பாவுக்கு இந்நோய் என்றால், பெண்ணுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு. எக்குடும்பத்தில் பிறந்தவருக்கும் நூற்றுக்கு ஒன்றளவு அது உண்டு. விசாரிப்பவருக்கு இதனையே நாம் பதிலாக எழுதலாம்.