வார்டில் விருந்தாளியாக நிற்கும் மேடம்

செவிலியர் கல்லூரி ஆசிரியைக்கு வகுப்பறையில் இருக்கும் சொல்வாக்கு வார்டில் இருப்பதில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று காலையில் பாடம் நடத்தியிருப்பார். மாணவிகளோடு போஸ்டிங் போனால், ஆள் பற்றாத வார்டில் அது நடப்பதில்லை. வார்டு சிஸ்டரிடம் கேட்கத் தயங்குகிறார். கேட்டாலும், மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. மாணவிகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

தலைமைப் பயிற்சி என்றதும் குளிரான ஊரில் ஓர் அரங்கு, குழு விளையாட்டு, சான்றிதழ் என்று முடித்துவிடுகிறோம். ஏற்காடு அதற்கு வசதியான ஊர்தான். ஆனால் நிர்வாகவியலை எம்.எஸ்சி. நர்சிங்கில் தனித் தாளாகவே எழுதித் தேறியவர்கள் இந்த ஆசிரியைகள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது பொறுப்பு.

வேலூர் சி.எம்.சி. அதைக் கொடுத்துப் பார்த்தது. நிறுவனர் ஐடா ஸ்கடர் காலத்தில் 1909-ல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-ல் பட்டப்படிப்புக் கல்லூரியானது. அங்கே கற்பிப்பவர்களே ஆஸ்பத்திரியின் செவிலியர் பணியிலும் பொறுப்பு வகிக்கிறார்கள். கல்லூரி நடத்தும் சமுதாய நலத் திட்டத்தில் சுற்றுக் கிராமங்களுக்கும் போகிறார்கள். கல்லூரிக்கு ஒரு நிர்வாகம், ஆஸ்பத்திரிக்கு இன்னொன்று என்றிருக்கும் இடங்களில் இது எளிதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 செவிலியர் அறிக்கை கல்வி, வேலைவாய்ப்போடு தலைமைக்கும் முதலீடு கேட்டது. அந்த முதலீடு இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்குப் போக வேண்டும் என்பேன்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அதற்கு ஏற்ற இடம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசு நெறி. ஆட்களின் எண்ணிக்கை குறைவு, ஆனால் காபித் தோட்டங்களுக்கு நடுவே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறினால் எப்போது 108-ஐ அழைப்பது? இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரி சேரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிராம சுகாதார செவிலியர் முடிவெடுக்க வேண்டும்.

சேலத்துக் கல்லூரி ஆசிரியைகள் ஓராண்டு அப்படியொரு நிலையத்தில் கூட்டுப் பொறுப்பு ஏற்கட்டும். கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசி நாள், மருந்து இருப்பு எல்லாவற்றுக்கும் அவர்களும் பதில் சொல்லட்டும். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விதியைக் கல்லூரிகள் ஒழுங்காகக் காத்தால்தான் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். இந்தப் பொறுப்புக்கான உத்தரவு எழுத்தில் வர வேண்டும். வட்டார மருத்துவ அலுவலர் நடத்தும் கூட்டத்தில் ஆசிரியைக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.